நீரோட்டமும் கப்பல் விசிறியின் ஆயுளும்

1. ஆய்வுப் பொருள்

கப்பலை உந்தும் விசிறி குழிவிழுந்து போனாலோ இதழ் வெடித்தாலோ, வார்ப்பு சரியில்லை என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. அடுத்த முறை இதைவிட உயர்ந்த உலோகத்தில் செய்து போடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் மீண்டும் குழி. விசிறியின் ஆயுளை முதலில் தீர்மானிப்பது அதை வந்து சேரும் நீரோட்டம், அதிலும் அந்த ஓட்டத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு, என்பதே இக்கட்டுரையின் வாதம். உலோகத்தின் தரம் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. உலோகம் எந்த இடத்தில் போயிருக்கிறது என்று கூர்ந்து பார்த்தால், எந்த ஓட்டம் அதைத் தின்றது என்பதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிட முடியும்.

காரைக்குடியை அடுத்த மானகிரி போன்ற உள்நாட்டு ஊரிலிருந்து இப்பொருளை எடுத்துப் பேசக் காரணம் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. 1926-இல் கட்டப்பட்ட ராஜூலா என்ற கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி, இப்பகுதி மக்களை மலேயாவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. கப்பலால் வாழ்ந்த மண் இது. அதைவிட நேரான காரணம் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சுருக்கமாகச் சிக்ரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கடற்கரையில் இல்லாத இந்நிறுவனம் மண்டபத்திலும் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் தன் கடல்சார் நிலையங்களை நிறுவி, உப்புநீர் உலோகத்தை என்ன செய்கிறது என்ற கேள்வியைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கேட்டுவருகிறது. அந்த அறிவோடு நீரோட்டவியலைச் சேர்த்து வாசிப்பதே இங்கு முயற்சி.

இக்கட்டுரையில் அரிமானம் என்பது வேதிவினையால் உலோகம் கரைவதையும், தேய்மானம் என்பது நீரின் அடியாலோ மணலின் உரசலாலோ உலோகம் பெயர்வதையும் குறிக்கும். விசிறி இதழின் இரு முகங்களில் கப்பலின் பக்கம் பார்ப்பதை உறிஞ்சுமுகம் என்றும், பின்னோக்கி நீரைத் தள்ளுவதைத் தள்ளுமுகம் என்றும் அழைக்கிறேன். இதழ்கள் வந்து சேரும் நடுப்பகுதி, வண்டிச் சக்கரத்தில் போலவே, குடம்.

2. முன்வரலாறு

நீராவி எந்திரம் மெதுவாகச் சுழன்ற காலத்தில் இச்சிக்கல் பெரிதாக வெளிப்படவில்லை. 1890களில் வேகம் கூடியதும் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் தம் நீராவிச் சுழலியைப் பொருத்தி 1894-இல் டர்பைனியா என்ற சிறு கப்பலைக் கட்டினார். எந்திரத்தில் வேண்டிய வலு இருந்தும் கப்பல் 20 நாட் வேகத்தைக்கூட எட்டவில்லை. விசிறி மிக வேகமாகச் சுழன்றதால் இதழ்களைச் சுற்றி நீர் பிளந்து, ஆவிக்குழிகள் உண்டாகி, தள்ளும் விசை குறைந்துபோயிருந்தது. இந்நிகழ்வுக்குக் கேவிட்டேஷன் என்று பெயர். இனிக் குமிழாக்கம் என்போம். பார்சன்ஸ் 1895-இல் ஒரு சிறிய நீர்ச்சுற்றுக் கருவி செய்து, அதற்குள் சின்னஞ்சிறு விசிறியைச் சுழற்றி, குமிழ்களைக் கண்ணால் பார்த்தார். உலகின் முதல் குமிழாக்கச் சுரங்கம் அதுதான். பிறகு மூன்று தண்டுகளில் தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பொருத்திச் சுமையைப் பகிர்ந்தளித்தார். 1897-இல் அதே கப்பல் 34 நாட் வேகத்தைத் தாண்டி ஓடியது.

இதழின் உலோகம் மாறியதால் இவ்வெற்றி கிடைக்கவில்லை. ஒவ்வோர் இதழின் மீதும் நீர் ஓடும் விதம் மாறியதால் கிடைத்தது. இப்பாடத்தைக் கப்பல் உலகம் உடனே முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1907-இல் ஓடத் தொடங்கிய லூசிடேனியா, மாரிடேனியா ஆகிய பெருங்கப்பல்களின் விசிறிகள் குழிவிழுந்தபோது, வெண்கலக் கலவையின் மீதுதான் பழி விழுந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட குழுவின் ஆய்வும், 1917-இல் ராலே பிரபு குமிழ் உடையும் அழுத்தத்தைக் கணக்கிட்டு எழுதிய கட்டுரையும், 1919-இல் பார்சன்ஸும் குக்கும் வெளியிட்ட ஆய்வும் சேர்ந்து உண்மைக் காரணத்தை நிறுவின. ஆவிக்குழிகள் உடையும்போது நீர் சுத்தியலாக மாறி உலோகத்தை அடிக்கிறது.

3. ஓட்டத்தின் கணக்கு

ஒரு நடுத்தரச் சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்வோம். விசிறியின் விட்டம் 6 மீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று. தண்டின் மையம் நீர்மட்டத்துக்கு 6 மீட்டர் கீழே. இதழ் நுனி வினாடிக்கு 31 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் வட்டமடிக்கிறது. கடல்நீரில் இந்த வேகத்துக்குரிய ஓட்ட அழுத்தம் ஏறத்தாழ 506 கிலோபாஸ்கல். நுனி உச்சிக்கு வரும்போது அதன் மேல் 3 மீட்டர் நீர்தான் இருக்கிறது. காற்றழுத்தமும் அந்த நீரின் கனமும் சேர்ந்து 131 கிலோபாஸ்கல் அளவே அங்கே நீரை அமுக்கிப் பிடித்திருக்கிறது. நம் கடலின் 30 டிகிரி வெப்பத்தில் நீர் ஆவியாகும் அழுத்தம் சுமார் 4 கிலோபாஸ்கல். ஆகவே நீரைப் பிளவுபடாமல் காக்கும் கையிருப்பு 127. இதை ஓட்ட அழுத்தத்தால் வகுத்தால் வருவது 0.25. இதுவே குமிழாக்க எண். இதழ் கீழ்நிலைக்கு இறங்கும்போது 9 மீட்டர் ஆழம், எண் 0.37 ஆக உயர்கிறது. எண் குறையக் குறையக் குமிழ் தோன்றும் வாய்ப்பு கூடும். ஒரே இதழ், ஒரே சுற்றுக்குள், பாதுகாப்பான நிலையிலிருந்து ஆபத்தான நிலைக்கும் அங்கிருந்து மறுபடி பாதுகாப்புக்கும் போய்வருகிறது.

ஆழம் ஒரு பங்கு. கப்பலின் உடல் செய்வது அதைவிடப் பெரிய பங்கு. கப்பல் நகரும்போது அதன் உடலை ஒட்டிய நீர் கூடவே இழுபட்டு வருகிறது. இந்தப் பின்நீர் விசிறியின் முழு வட்டத்திலும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. உடலுக்கு நேர் பின்னே, தண்டுக்கு மேலே, அது மிக மந்தமாக இருக்கும். பக்கங்களில் வேகமாக இருக்கும். மையத்திலிருந்து ஆரத்தின் பத்தில் ஏழு பங்கு தொலைவில் உள்ள இதழ்ப்பகுதியைப் பாருங்கள். சுழற்சியால் அதன் வேகம் வினாடிக்கு 22 மீட்டர். பக்கவாட்டில் வரும் நீர் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்தால், நீர் இதழை அணுகும் கோணம் 15 டிகிரியை ஒட்டி அமையும். உச்சியில் பின்நீர் 3 மீட்டராக மந்தப்பட்டால் கோணம் 8 டிகிரிக்கு இறங்கும். இதழின் பிட்ச், அதாவது அதன் சாய்வு, மாறாது. ஆகையால் நீர் இதழைத் தாக்கும் கோணம் 7 டிகிரிக்கு மேல் திடீரென்று கூடுகிறது. அவ்வளவு கூடினால் உறிஞ்சுமுகத்தில் அழுத்தம் படுபாதாளத்துக்கு இறங்கும். அழுத்தம் மிகக் குறைவான உச்சிநிலையிலேயே தாக்குகோணமும் மிகக் கூடுதலாக அமைவதுதான் கப்பல் விசிறியின் தலையாய இடர்.

ஒரு சுற்றுக்கு 0.6 வினாடி. உச்சிப் பகுதியை இதழ் கடக்க அதில் கால் பங்கு, 0.15 வினாடி. அதற்குள் முன்விளிம்பில் ஆவித்தாள் ஒன்று விரிந்து, இதழின் மேல் படர்ந்து, பின்நீரை விட்டு இதழ் வெளியேறியதும் உடைந்து சிதறுகிறது. கப்பல் ஆண்டுக்கு 250 நாள் ஓடுவதாகக் கொண்டால், ஒவ்வோர் இதழின் மீதும் இந்தப் பிறப்பும் இறப்பும் 3 கோடியே 60 லட்சம் முறை நடக்கின்றன. அத்தனை முறையும் இதழ் வளைந்து நிமிர்கிறது. உலர்ந்த காற்றில் பல உலோகங்களுக்கு இன்ன அளவுக்குக் கீழான சுமையை எத்தனை முறை ஏற்றினாலும் தாங்கும் என்று ஒரு வரம்பு சொல்லலாம். கடல்நீரில் அப்படிப்பட்ட பாதுகாப்பான வரம்பை நம்ப முடியாது. அரிமானம் விட்டுச்சென்ற நுண்குழி ஒவ்வொன்றும் வெடிப்பு தொடங்க வசதியான இடமாகிவிடுகிறது.

ஒரு துணைக்குறிப்பு. வெப்பமண்டலக் கடலில் குமிழாக்கம் மோசமாக இருக்கும் என்று சொல்லக் கேட்கிறோம். 15 டிகிரிக் கடலில் ஆவியழுத்தம் 1.7 கிலோபாஸ்கல், 30 டிகிரியில் 4.2. மேலே கண்ட கணக்கில் இவ்வேறுபாடு குமிழாக்க எண்ணை 2 விழுக்காடுதான் குறைக்கும். நம் கடலின் வெப்பம் விசிறிக்குச் செய்யும் கெடுதல் வேறு வழியாக வருகிறது. அதை 7-ஆம் பிரிவில் பார்க்கலாம்.

4. குமிழ் உடையும் விதம்

ராலே தந்த சூத்திரத்தில் மேற்படி 127 கிலோபாஸ்கலைப் போட்டால், 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஆவிக்குமிழ் முழுமையாகச் சுருங்க எடுக்கும் நேரம் சுமார் 80 மைக்ரோவினாடி. நீரின் நடுவில் உடையும் குமிழ் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. உலோகச் சுவரை ஒட்டி உடையும் குமிழ் உருண்டையாகச் சுருங்காது. சுவர்ப்பக்கம் நீர் எளிதில் வந்து நிரம்ப முடியாததால் எதிர்ப்பக்கம் உள்வாங்கி, ஊசி போன்ற நீர்த்தாரை குமிழைத் துளைத்துக்கொண்டு சுவரை நோக்கிப் பாய்கிறது. 1971-இல் பிளெசெட்டும் சாப்மனும் கணினியில் இதைக் கணக்கிட்டு, தாரையின் வேகம் வினாடிக்கு 130 மீட்டர் அளவுக்குப் போகலாம் என்று காட்டினார்கள். 100 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், அது சுவரில் மோதும் கணத்தில் உண்டாகும் அழுத்தம் 150 மெகாபாஸ்கலைத் தாண்டும்.

கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனங்களின் விதிப்படி, உயர்வலுப் பித்தளை விசிறியின் விளைவு வலிமை, அதாவது உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் வரம்பு, குறைந்தது 175 மெகாபாஸ்கலும், நிக்கல்-அலுமினிய வெண்கலத்தினுடையது 245-உம் இருக்க வேண்டும். ஒரு தாரையின் ஓர் அடி இவ்வரம்புக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. ஆனால் குமிழ்கள் தனித்தனியாக உடைவதில்லை. ஆவித்தாள் பிய்ந்து ஆயிரக்கணக்கான நுண்குமிழ்களின் மேகமாகி, வெளிக்குமிழ்கள் உடைந்த அதிர்வு உட்குமிழ்களை நெருக்க, நடுவில் அடி பன்மடங்காகிறது. மேகமாக உடைவதே மிகக் கொடியது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பெரிய கப்பல்களின் விசிறியில் பின்விளிம்பு தள்ளுமுகப் பக்கம் மடங்கிக் கிடப்பதைக் காணலாம். எதிலும் மோதாமலே, பல சென்டிமீட்டர் நீளத்துக்கு, சம்மட்டியால் தட்டி வளைத்ததுபோல் இருக்கும். மெல்லிய விளிம்பின் மேல் மேகம் ஓயாமல் உடைந்ததன் விளைவு அது.

5. உலோகமும் அதன் தோலும்

இன்றைய பெருவிசிறிகளில் மிகுதியும் நிக்கல்-அலுமினிய வெண்கலமே. செம்பு ஐந்தில் நான்கு பங்கு, அலுமினியம் 9 விழுக்காட்டை ஒட்டி, நிக்கலும் இரும்பும் 4 முதல் 5 விழுக்காடு வரை, சிறிது மாங்கனீசு. கடல்நீரில் இறங்கிய சில வாரங்களில் இதன் மேல் 1 மைக்ரோமீட்டர் அளவு தடிப்பில் ஒரு தோல் படர்கிறது. உள்ளே அலுமினிய ஆக்சைடு, வெளியே செம்பு ஆக்சைடு. விசிறியின் ஆயுள் முழுவதும் இந்தத் தோலை நம்பித்தான் இருக்கிறது.

செம்புக் கலவைகளில் நீரோட்ட வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் தோல் உரிந்துவிடும் என்பது பழைய விதி. குழாய் அமைப்புகளில் இவ்வெண்கலத்துக்குச் சொல்லப்படும் வரம்பு வினாடிக்கு 4 மீட்டரைச் சற்றே தாண்டும். விசிறி நுனியோ 30 மீட்டரில் சுழன்றும் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. இம்முரண்பாட்டைக் கவனிக்காமல் குழாய்க்கான எண்ணை விசிறிக்கு எடுத்துப்போடுவது தவறு. தோலை உரிப்பது வேகம் என்ற ஒற்றை எண்ணைவிட, சுவரை ஒட்டிய நீரின் உராய்வு விசையும், அது எவ்வளவு கொந்தளிப்பாக ஏறி இறங்குகிறது என்பதும்தான். வழவழப்பான இதழின் மேல் சீராகப் படிந்து ஓடும் நீர், வேகம் மிகுந்திருந்தாலும், தோலை விட்டுவைக்கிறது. உரிந்தாலும் உயிர்வளி கிடைப்பதால் தோல் மறுபடி வளர்கிறது. முன்விளிம்பில் ஒரு சிறு வெட்டுக்காயம் இருந்தால் போதும். அதன் பின்னால் நீர் சுழித்து, காயத்திலிருந்து பின்னோக்கி நீளும் கோடாக உலோகம் போகத் தொடங்கும்.

வார்ப்பின் உட்கட்டமைப்புக்கும் பங்கு உண்டு. மெதுவாகக் குளிரும் தடித்த வார்ப்புகளில் நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த மெல்லிய அடுக்குகள் உலோக மணிகளின் ஓரங்களில் சங்கிலிபோல் படிகின்றன. தேங்கிய நீரில் அரிமானம் அந்த அடுக்குகளையும் அவற்றை ஒட்டிய பகுதியையும் தேர்ந்தெடுத்துக் கரைக்கும். 675 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரம் வைத்துக் காற்றில் ஆறவிட்டால் அச்சங்கிலி அறுந்துபோகும். வார்ப்புச் சாலையைக் குறைசொல்ல வேண்டிய இடம் இருக்குமானால், இந்த வெப்பப் பதம் விடுபட்டிருக்கிறதா என்று கேட்கும் இடம்தான்.

6. அடியும் அரிமானமும் கைகோக்கும் இடம்

ஆய்வகத்தில் இதை அளக்க ஒரு பொதுமுறை இருக்கிறது. கொம்பு போன்ற உலோகத் தண்டின் முனையில் சிறு வில்லையைப் பொருத்தி, வினாடிக்கு 20,000 முறை, 50 மைக்ரோமீட்டர் வீச்சில் நீருக்குள் அதிரவிடுவார்கள். வில்லையின் முகத்தில் குமிழ்கள் பிறந்து உடையும். குறித்த இடைவெளிகளில் எடுத்து எடைபோட்டால் இழப்பு தெரியும். தொடக்கத்தில் எடை குறைவதே இல்லை. முகம் மட்டும் மங்கிப்போகும். அந்தக் காலத்தில் உலோகம் உள்ளுக்குள் களைத்துக்கொண்டிருக்கிறது. பிறகு இழப்பு விரைவாக ஏறும். இதே சோதனையைக் காய்ச்சி வடித்த நீரிலும் கடல்நீரிலும் செய்து ஒப்பிட்டால், கடல்நீரில் போனது தனித் தேய்மானத்தையும் தனி அரிமானத்தையும் கூட்டி வரும் தொகையைவிடக் கூடுதலாக இருக்கும். மிச்சம் இவ்விரண்டின் கூட்டுறவு. குமிழ் தோலை உடைக்கிறது. தோல் போன இடத்தை அரிமானம் சொரசொரப்பாக்குகிறது. சொரசொரப்பு அடுத்த குமிழுக்கு இடம்கொடுக்கிறது.

சிக்ரியின் மரபு இங்கேதான் கைகொடுக்கிறது. கடலில் மூழ்கிய உருக்கை எதிர்மின்வாய்க் காப்பால் பாதுகாப்பது அந்நிறுவனத்தின் நெடுநாள் துறைகளில் ஒன்று. படகுக்காரர்கள் 'சிங்க் கட்டி' என்று சொல்லும் துத்தநாகம், அதன் இடத்துக்கு வந்த அலுமினியக் கலவை ஆகியவை தாம் கரைந்து உருக்கு உடலைக் காக்கின்றன. வெண்கல விசிறியும் உருக்கு உடலும் ஒரே உப்புநீரில் இருப்பதால், மின்னிணைப்பு உள்ளவரை உருக்குதான் இழப்பை ஏற்கும். தண்டு சுழலும்போது தாங்கியில் உள்ள எண்ணெய் அல்லது நீர்ப்படலம் விசிறியை உடலிலிருந்து மின்னியல்பில் பிரித்துவிடுகிறது. அதனால் தண்டின் மேல் உரசி நிற்கும் தூரிகை வழியாக இணைப்பைத் தொடரச் செய்ய வேண்டும். தூரிகை அழுக்கடைந்து தொடுகை விட்டுப்போனால், விசிறி தனித்து விடப்படும். உடலில் கட்டிகள் புதிதாக இருந்தும் விசிறி அரிக்கப்படுவதன் காரணம் பல நேரங்களில் இவ்வளவு எளியது.

காப்பு மின்னோட்டம் குமிழாக்கத் தேய்மானத்தையும் குறைக்கும் என்பது இத்தாலியில் பெட்ராக்கி 1949-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தெரிந்த செய்தி. மின்னோட்டம் கூடும்போது உலோக முகத்தில் ஹைட்ரஜன் வாயு அரும்பி, உடையும் குமிழின் அடியை மெத்தைபோல் தாங்குகிறது. ஆனாலும் இதை மருந்தாகப் பரிந்துரைக்க நான் தயங்குகிறேன். அந்த அளவு மின்னோட்டம் உடலின் வண்ணப்பூச்சை உரிக்கும். உயர்வலு உருக்குத் தண்டை நொய்யச் செய்யவும் கூடும்.

7. நம் கரையின் விசைப்படகுகள்

பெருங்கப்பல்களைப் பற்றியே ஆய்வுகள் எழுதப்படுகின்றன. இராமேசுவரம், மண்டபம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் விசைப்படகுகளின் விசிறிகள் படும் பாடு அதைவிடக் கடுமையானது. கவனமோ மிகக் குறைவு.

இழுவலைப் படகின் விசிறி 1 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 400 சுற்று என்று கொள்வோம். வலையில்லாமல் 9 நாட் வேகத்தில் ஓடும்போது ஒரு சுற்றுக்குப் படகு 69 சென்டிமீட்டர் முன்னேறுகிறது. வலையை இறக்கி 3 நாட் வேகத்தில் இழுக்கும்போது ஒரு சுற்றுக்கு 23 சென்டிமீட்டர்தான். அதே சுற்று, அதே பிட்ச், மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம். இதழ்கள் மிகப் பெரிய கோணத்தில் நீரை அறைகின்றன. நுனிக்கு மேலே அரை மீட்டர் நீரே இருக்கும். அமுக்கிப் பிடிக்க ஆழமும் இல்லை. ஒரே விசிறி இருவேறு வேலைகளுக்கு வைக்கப்படும்போது ஒன்றுக்குப் பொருந்தினால் மற்றொன்றுக்குப் பொருந்தாது. படகுகள் நாளின் பெரும்பகுதியை இழுவையில் கழிக்கின்றன என்பதால், விசிறியை இழுவைக்கென்று தேர்ந்து, ஓட்ட வேகத்தில் சிறிது விட்டுக்கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

பாக் விரிகுடா ஆழமற்றது, அடி சேறும் மணலும். படகு துறைக்கு வரும்போது விசிறியே அடியைக் கிளறி, அந்தக் கலங்கலைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. மணல் முன்விளிம்பின் வெளிப்பகுதியைத் தேய்த்து, அதன் வடிவத்தை மாற்றுகிறது. வடிவம் மாறிய விளிம்பில் குமிழாக்கம் முன்பைவிடக் குறைந்த சுற்றிலேயே தொடங்கிவிடும். மணல் தின்றதைவிட, மணல் திறந்துவிட்ட வழியில் குமிழ் தின்பதே அதிகம்.

அடுத்தது, அசையாமல் நிற்கும் காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றாமல் துறையிலேயே கட்டிப்போட்ட படகின் விசிறியில் முதலில் உயிரிப்படலமும், அதன் மேல் கொட்டலசும் ஏறும். மண்டபம் நிலையத்தில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் பொருள் இது. வெப்பக்கடல் விசிறிக்குச் செய்யும் கெடுதல் என்று மேலே சொன்னது இதைத்தான்: இங்கே உயிரிகள் ஆண்டு முழுவதும் ஒட்டிவளரும். மீன்கழிவு தேங்கி அழுகும் துறைகளில் சல்பைடும் சேர்கிறது. சல்பைடு பட்ட செம்புக் கலவையில் கருமையான, பலவீனமான தோல்தான் உருவாகும். தடை முடிந்து முதல் நாள் எந்திரத்தை முழு வேகத்தில் முடுக்கும்போது அத்தோல் பெயர்ந்து, உலோகம் வெறுமையாக ஓட்டத்தின் முன் நிற்கும். கொட்டலசின் அடித்தட்டு ஒட்டியிருக்கும் ஒவ்வொரு மேடும் குமிழுக்கு ஒரு பிறப்பிடம். ஆகவே விசிறியைத் துடைத்து வழவழப்பாக்குவதைத் தடைக்கால வேலைகளில் முதலாவதாக வைக்க வேண்டும். வண்ணப்பூச்சு அதன்பிறகு இருக்கட்டும்.

பழுதுபார்ப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. சிறு விசிறிகள் பல உயர்வலுப் பித்தளையில் வார்க்கப்பட்டவை. குழியைப் பற்றவைத்து நிரப்பும்போது சூட்டால் உட்தகைவு தங்கிவிடும். உரிய வெப்பப் பதம் செய்து அதைத் தளர்த்தாவிட்டால், கடல்நீரில் சில மாதங்களில் வெடிப்பு தோன்றலாம். பெருங்கப்பல் விதிகள் இதழை மண்டலங்களாகப் பிரித்து, குடத்தை ஒட்டிய தள்ளுமுகப் பகுதியில் பற்றவைப்பை ஏறக்குறைய விலக்கியே வைத்துள்ளன; வளைவுத் தகைவு மிகக் கூடுதலான இடம் அது. நுனிப் பகுதியில் தாராளமாக அனுமதிக்கின்றன. இப்பிரிவினையைப் படகுப் பட்டறைகளும் பின்பற்றினால் இதழ் முறிவுகள் குறையும்.

8. சேதத்தை வாசித்தல்

முதல் கேள்வி எப்போதும் இது: எல்லா இதழ்களிலும் ஒரே இடத்தில் சேதமா, ஓர் இதழில் மட்டுமா? ஓர் இதழில் மட்டும் என்றால் அந்த இதழின் வார்ப்பு, பிட்ச் அளவு, முன்பு பட்ட அடி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே இடம் என்றால் ஓட்டமே காரணம். உயர்ந்த உலோகம் வாங்கிப் போடுவது நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

உறிஞ்சுமுகத்தில், ஆரத்தின் பத்தில் ஏழு பங்குக்கு வெளியே, பின்விளிம்பை நோக்கிக் குழிகள் கூடியிருந்தால் அது பின்நீரின் ஏற்றத்தாழ்வு. இதழ் நுனியைப் பின்னோக்கிச் சரித்து வடிவமைத்தால் இதழின் எல்லாப் பகுதியும் ஒரே கணத்தில் மந்தநீருக்குள் நுழையாது, அடி பரவலாகும். உடலின் பின்பகுதியில் துடுப்புத் தகடுகள் பொருத்தி நீரைச் சீர்படுத்தலாம். தள்ளுமுகத்தில் முன்விளிம்பை ஒட்டிச் சேதம் இருந்தால் விசிறி தேவைக்குக் குறைந்த சுமையில் ஓடியிருக்கிறது. பிட்சை மாற்றவல்ல விசிறியைச் சுற்று குறைக்காமல் பிட்சை மட்டும் தாழ்த்தி மெதுவாக ஓட்டும் கப்பல்களில் இது வழக்கம். மெதுவாகத்தானே ஓட்டினோம் என்று அவர்கள் வியப்பதில் பொருளில்லை. வேகப் படகுகளில் தண்டு சாய்ந்திருப்பதால் தாக்குகோணம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கி, இதழின் அடிப்பகுதி குடத்தை ஒட்டித் தேய்ந்துபோகும். குடத்தின் மூடியும் சுக்கானின் நடுப்பகுதியும் தின்னப்பட்டிருந்தால் குடத்திலிருந்து புறப்படும் சுழி காரணம். ஜப்பானில் 1987-இல் உருவாக்கப்பட்ட சிறுதுடுப்புள்ள குடமூடி அச்சுழியைக் கலைக்கிறது. சுக்கானின் மேல்பகுதியில் கோடாகச் சேதம் இருந்தால் நுனிச்சுழி.

இதழ் முழுவதும் பரவலாகச் செந்நிறம் படர்ந்து, தட்டினால் மந்தமான ஓசை வந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போயிருக்கிறது. அங்கே ஓட்டத்தைத் தேட வேண்டாம். தண்டுத் தூரிகையையும் காப்புக் கட்டிகளையும் பாருங்கள்.

9. செய்யவேண்டியது

விசாகப்பட்டினத்தில் கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகத்தில் குமிழாக்கச் சுரங்கம் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. காரைக்குடியிலும் தூத்துக்குடியிலும் மின்வேதியியல் இருக்கிறது. பொதுவாகச் சுரங்கச் சோதனைகளில் மாதிரி விசிறியின் மேல் மென்மையான பூச்சைத் தடவி, அது எங்கே உரிகிறது என்று பார்ப்பார்கள். அரிமானம் அங்கே கணக்கில் வராது. மின்வேதியியல் சோதனைகளில் வில்லைகள் தேங்கிய நீரிலோ சீராக ஓடும் நீரிலோ வைக்கப்படுகின்றன. பின்நீரின் ஏற்றத்தாழ்வு அங்கே வராது. இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான விசிறி சுழல்கிறது. தூத்துக்குடியின் இயற்கைக் கடல்நீரை எடுத்து, ஒரு சுற்றுக்கு ஒரு முறை வேகம் ஏறி இறங்கும் ஓட்டத்தில், மின்னழுத்தத்தை அளந்தபடியே குமிழாக்கத்தை நடத்தும் ஒரு கருவி நம் கரைக்கு வேண்டும். இதற்குத் தேவையான அறிவு வெவ்வேறு ஊர்களில் பிரிந்து கிடக்கிறது; ஒரே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அதற்குமுன் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. உலர்துறையிலோ கரையேற்றிய படகிலோ விசிறியைச் சாணை பிடித்துவிட்டால் ஓட்டம் எழுதிவைத்த சாட்சி அழிந்துவிடும். கப்பல் உரிமையாளர்களும் படகுச் சங்கங்களும் பட்டறைகளும் இந்த ஒன்றைச் செய்யுங்கள்: சாணைக் கல்லை எடுப்பதற்குமுன் ஒவ்வோர் இதழையும் இரு முகங்களிலும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், குடத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டரில், எந்த முகத்தில், எந்த விளிம்பை ஒட்டிச் சேதம் என்று குறித்து, ஓடிய மணிநேரத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் வரும் 61 நாள் தடைக்காலம் இதற்குப் போதுமான அவகாசம்.